பதினேழாம் கேள்வியின் காலாவதித் தேதி

கூடை எடுக்காமல் கடைக்குள் வருகிறவர்கள் இரண்டே ரகம். கறிவேப்பிலை மட்டும் வாங்க வந்தவர்கள் ஒரு ரகம்; சண்டைக்கு வந்தவர்கள் இன்னொரு ரகம். மெல்பர்னின் புறநகரான டார்னெய்ட்டில் பதினான்கு வருஷமாக மளிகைக் கடை நடத்தும் ஈஸ்வரமூர்த்திக்கு இது ஆளின் நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத் தாட்சாயினி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடை அடுக்கைத் தாண்டினார். கறிவேப்பிலை இருந்த குளிர்பெட்டியையும் தாண்டினார். சரி, இரண்டாவது ரகம்தான் என்று ஈஸ்வரமூர்த்தி முக்காலியிலிருந்து எழுந்தார்.

கையில் சிவப்பு மார்க்கர் இருந்தது. திங்கட்கிழமை அவருக்குக் காலாவதி நாள். அலமாரி அலமாரியாக உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலத்தின் தேதியையும் பார்ப்பார். நாள் கடந்திருந்தால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுத் தூக்கி எறிவார். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. இந்தப் பக்கத்தில் எத்தனையோ கடை. ஆனால் அவர் கடையில், ஈரோட்டார் கடையில், நாள் போன ரவையை வாங்கினேன் என்று ஒருத்தர் வாயால் சொல்ல முடியாது.

"வாங்கக்கா. நேத்து வூடு போய்ச் சேர நேரமாயிருச்சுங்களா?"

"அக்கா எண்டு கூப்பிடாதேங்கோ. உங்களுக்கு அறுபது. எனக்கு அம்பத்திரண்டு."

"கடைக்கு வர்றவங்க எல்லாருமே அக்காதானுங்க. அது வயசுக் கணக்கில்லை, யாவாரக் கணக்கு."

"நான் யாவாரத்துக்கு வரேல்லை."

தாட்சாயினி யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. முந்தின நாள் மத்தியானம் சமூகக் கூடத்தில் தமிழ்ச் சங்கத்தின் குடும்ப விநாடி வினா நடந்தது. அதில் தாட்சாயினியின் அணியும், சங்கச் செயலாளர் சித்தார்த்தின் அணியும் கடைசிவரை வந்தன. கேள்வி கேட்டவர் ஈஸ்வரமூர்த்தி. பதினோரு வருஷமாக அவர்தான் கேட்கிறார். மேடையில் அவர் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு.

அணிக்குப் பதினேழு கேள்வி. சித்தார்த் அணி தன் பதினேழையும் முடித்துப் பதினாறு புள்ளி, தாட்சாயினி அணி பதினைந்து. மிச்சம் ஒரே கேள்வி, பதினேழாவது. அது தாட்சாயினிக்கு வந்தது.

மனிதனைத் தவிர, ஹோமினிட் குடும்பத்தில் இன்று உயிரோடு இருப்பவை எவை?

"சிம்பன்சி" என்று தாட்சாயினி தொடங்கினார். அவர் அடுத்த பெயரைச் சொல்வதற்குள் ஈஸ்வரமூர்த்தி மணியை அடித்துவிட்டார். கையில் இருந்த அட்டையில் விடை தெளிவாக இருந்தது: எவையும் இல்லை. பிடிகொடுக்காத அந்தக் கேள்வியை அவர் ஆசையாகக் கடைசிக்கு வைத்திருந்தார். தூண்டிலில் விழுந்த மீனைப் பார்த்த சந்தோஷத்தில் மைக்கைப் பிடித்து ஒரு வார்த்தை கூடுதலாகவும் விட்டார்: "அக்கா, உங்க சொந்தக்காரங்களையெல்லாம் இங்க கூட்டிட்டு வராதீங்க. நம்ம குடும்பத்துல நாம மட்டுந்தானுங்க!"

கூடத்தில் நூற்றெண்பது பேர் சிரித்தார்கள்.

"சனம் சிரிச்சது ஒரு பக்கம்" என்றார் தாட்சாயினி. கைப்பேசியை எடுத்து, கடையில் நின்ற ஈஸ்வரமூர்த்தியின் முகத்துக்கு நேரே நீட்டினார். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் குரங்குப் படங்கள். "அறுபத்தி மூண்டு. எண்ணினனான். சிம்பன்சி அன்ரி எண்டு பேரும் வைச்சாச்சு. என்ர மகளும் ஒண்டு போட்டிருக்கிறாள். நான் சொன்னது பிழையெண்டால் பரவாயில்லை. ஆனால் நான் சரியாத்தானே சொன்னனான்?"

"அட்டைல அப்படி இல்லைங்களே."

"உங்கட அட்டை பிழை."

ஈஸ்வரமூர்த்தி வளர்ந்தது ஈரோட்டு மஞ்சள் மண்டியில். வாங்குகிறவரும் விற்கிறவரும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற இடம் அது. எந்த விரலை எவ்வளவு நேரம் பிடித்தார்கள் என்று சுற்றி நிற்பவனுக்குத் தெரியாது. ஆகவே யாருக்கும் முகம் சுருங்காது. பிடித்த கையை உதறிவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு வானமே இடிந்தாலும் விலை மாறாது. அவர் பழக்கதோஷத்தில் குரலைத் தாழ்த்தினார்.

"சரிங்க, ஒண்ணு பண்ணலாம். சங்கத்துல பேசி உங்களுக்குச் சிறப்புப் பரிசுன்னு ஒண்ணு குடுக்கச் சொல்றேன்."

"வேண்டாம்."

"கேடயத்துல ரெண்டு அணி பேரும் போட்டுக்கலாம். ஆறு மாசம் அவங்க வூட்ல, ஆறு மாசம் உங்க வூட்ல."

"வேண்டாம்."

"போன வாரம் பங்கனப்பள்ளி வந்துச்சுங்க. ஒரு பெட்டி..."

"அண்ணை, என்னை என்ன மாம்பழத்துக்கு அழுகிற பிள்ளையெண்டே நினைச்சனீங்கள்? எனக்குக் கப்பும் வேண்டாம், பழமும் வேண்டாம். எல்லாருக்கும் முன்னாலை மைக்கிலை பிழையெண்டு சொன்னனீங்கள். எல்லாருக்கும் முன்னாலை மைக்கிலை சரியெண்டு சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ளை சிட்னிக்குப் பேர் குடுக்கவேணும். அதுக்கு முதல். போட்டு வாறன்."

அடுத்த வாரம் சனிக்கிழமை சிட்னி பரமட்டாவில் மாநிலங்களுக்கு இடையிலான இறுதிச் சுற்று. ஜெயித்த அணி மெல்பர்ன் சார்பில் போகும். பேர் கொடுத்த பிறகு மாற்ற முடியாது.

கதவு மூடிக்கொண்டது. அந்தக் கதவின் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: மிளகாய்த் தூள் ஒன்றில் வேர்க்கடலைத் தூள் கலந்திருக்கலாம் என்று தயாரிப்பாளர் அனுப்பிய திரும்பப்பெறும் அறிவிப்பு. வாங்கியவர்கள் கொண்டுவந்து கொடுத்தால் பணம் திருப்பித் தரப்படும். ஈஸ்வரமூர்த்தி அதை இன்னொரு தரம் படித்தார். பிறகு சரக்கறைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தார்.

அது அவருடைய ரகசியம். 1984இல் சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்காக ஈரோடு பஸ் நிலையத்தில் வாங்கிய பொது அறிவு கைடு. அட்டையில் ஒரு அணையும் ஒரு ராக்கெட்டும். பரீட்சையில் அவர் தேறவில்லை. ஆனால் புத்தகம் தேறிவிட்டது. கல்யாணம், கடை, விமானம், மெல்பர்ன் என்று எங்கும் கூடவே வந்தது. பதினோரு வருஷத்துக் கேள்விகளும் அதிலிருந்துதான். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி: எவையும் இல்லை.

அச்சில் இருக்கிறது. ஆனால் தாட்சாயினி நடந்துபோன விதமும் பொய்ச் சரக்கு விற்கிறவரின் நடை இல்லை. வாங்குகிறவனும் விற்கிறவனும் ஆளுக்கொரு தரம் சொன்னால் மண்டியில் என்ன செய்வார்கள்? மூட்டையைக் குத்திப் பார்க்க மூன்றாவது ஆளைக் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது ஆள் நகரின் மறுகோடியில், கிளேட்டனில் இருந்தாள்.

ஸ்ருதி, சென்னைப் பெண். மாணவியாக வந்த புதிதில் ஆறு மாதம் அவர் கடையில் பில் போட்டவள். இப்போது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. குரங்குகளின் பல்லையும் எலும்பையும் அளந்து மனிதன் எங்கிருந்து பிரிந்தான் என்று தேடுகிற வேலை. புதன்கிழமை கிளேட்டனில் ஒரு உணவகத்துக்கு இட்லி மாவு கொடுக்கப் போன ஈஸ்வரமூர்த்தி, வேனை அப்படியே பல்கலைக்கழகத்துக்குத் திருப்பினார்.

"அங்கிள்! என்ன இந்தப் பக்கம்? சரக்கு ஏதாவது மிஸ்ஸிங்கா?"

"ஒரு குடும்பத்துல ஆளு மிஸ்ஸிங் கண்ணு. அதான் கணக்குப் பார்க்க வந்தேன்."

அவள் அறையின் நீள மேசையில் மண்டையோடுகள் வரிசையாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அச்சு வார்த்த பிளாஸ்டிக் நகல்கள் என்று அவள் சொன்ன பிறகுதான் அவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். நடந்ததைச் சொன்னார். மைக்கில் விட்ட கூடுதல் வார்த்தையை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிச் சொன்னார்.

"இந்த ஹோமினிட்ங்கற பேரு யாரு வச்சது, எப்ப வச்சது, எதுக்கு வச்சது? மொதல்ல இருந்து வா. எனக்குச் சரக்கு வேண்டாம், பில்லைக் காட்டு."

ஸ்ருதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவளுடைய வேலையைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை; விசா என்ன ஆச்சு என்றுதான் கேட்பார்கள்.

"1825, அங்கிள். லண்டன்ல மியூசியத்துல வேலை பார்த்த கிரேன்னு ஒருத்தர். விலங்குகளையெல்லாம் லிஸ்ட் போட்டுப் பிரிக்கறதுதான் அவருக்கு வேலை. லத்தீன்ல ஹோமோன்னா மனுஷன். அதோட கடைசில கிரேக்க மொழில இருந்து வந்த ஒரு சின்ன வாலை ஒட்டுவாங்க. இன்னாரோட பிள்ளைங்க, இன்னாரோட வம்சம்னு சொல்ற வால்."

ஈஸ்வரமூர்த்தி யோசித்தார். "அதாவது, ஹோமோ அண்ட் சன்ஸ்."

"கரெக்ட்!" அவள் மேசையைத் தட்டினாள். ஒரு கொரில்லாவின் தாடை ஆடியது. "போர்டு அதேதான். இருநூறு வருஷமா மாறல. ஆனா கடைக்கு உள்ள யார் யாரு பங்குதாரர்ங்கறதுதான் மாறிட்டே இருந்துச்சு. ரொம்ப காலத்துக்கு மனுஷனும், செத்துப்போன அவனோட முன்னோரும் மட்டுந்தான் உள்ள. சிம்பன்சி, கொரில்லா, உராங்குட்டான் மூணுக்கும் பக்கத்துல தனிக் கடை. அதுக்கு பாங்கிடேன்னு பேரு."

"அது என்ன பேரு?"

"அது பெரிய காமெடி. பாங்கோங்கறது ஆப்பிரிக்கால ஒரு பெரிய குரங்குக்கு அங்கத்து ஜனங்க சொன்ன பேரு. கடைசில அது ஆசியால இருக்கற உராங்குட்டானுக்குப் போய் ஒட்டிக்கிச்சு."

"ஆப்பிரிக்கா சாக்குல போர்னியோ சரக்கு." ஈஸ்வரமூர்த்திக்கு அந்த விஞ்ஞானிகள் மேல் முதன்முறையாகப் பாசம் வந்தது. நம்ம ஆளுகதான். "அப்பறம்?"

"அப்புறம் ரத்தம். 1960கள்ல ரத்தத்துல இருக்கற புரதங்களை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. மனுஷன், சிம்பன்சி, கொரில்லா மூணு பேரும் ஒட்டி நின்னாங்க. உராங்குட்டான்தான் கொஞ்சம் தள்ளி. பின்னால டி.என்.ஏ. வந்துது. அது இன்னும் மோசம். சிம்பன்சிக்குக் கொரில்லாவை விட மனுஷன்தான் நெருங்கின சொந்தம்."

ரத்தம் என்றதும் அவருக்குத் தாட்சாயினியின் ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் சும்மா சொல்லவில்லை.

"இரு, இரு." அவர் மேசையிலிருந்த மூன்று மண்டையோடுகளைத் தானே நகர்த்தி வைத்தார். "இது நான். இது சிம்பன்சி. இது கொரில்லா. எனக்கும் இவனுக்கும் நெருக்கம் அதிகம். அப்ப இவனையும் அவனையும் ஒரு வூட்ல வச்சு, என்னைய மட்டும் தனி வூட்ல வைக்கறது என்ன பாகப்பிரிவினை? எந்தப் பஞ்சாயத்தும் ஒத்துக்காது."

"அதேதான் அங்கிள். ஒண்ணு, ஆளுக்கொரு வீடு கட்டணும். இல்லேன்னா எல்லாரும் ஒரே வீட்டுக்குள்ள வரணும். எல்லாரும் உள்ள வந்தாச்சு, உராங்குட்டான் உட்பட. ஒரே நாள்ல இல்ல. எண்பதுகள், தொண்ணூறுகள்னு புத்தகம் புத்தகமா மெதுவா மாறுச்சு."

"நம்மாளுக சும்மாவா வுட்டாங்க?"

ஸ்ருதி சிரித்தாள். "விடுவாங்களா? எல்லாரையும் உள்ள விட்டுட்டு, அதே வீட்டுக்குள்ள ஒரு சின்ன ரூம் கட்டிக்கிட்டாங்க. ஹோமினின்னு பேரு. அதுல மனுஷனும் அவனோட முன்னோரும் மட்டும்."

ஈஸ்வரமூர்த்தி சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "எங்க ஊர் விசேஷ வூடு மாதிரியே இருக்குதே! வேண்டாத சொந்தம் வந்துட்டா, வாங்க வாங்கன்னு முன்கட்டுல ஜமுக்காளம் விரிச்சுட்டு, உள்ரூமைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கற கதை. சரி, கிப்பன்னு ஒண்ணு இருக்குமே, நீளக் கைக்காரன், அவன்?"

"அவன் அடுத்த வீடு. அவனையும் சேர்த்து எல்லாரும் இருக்கற பெரிய காம்பவுண்டுக்கு ஹோமினாய்ட்னு பேரு."

அவருக்குப் பசி மறந்துவிட்டது. வேனில் மிச்ச மாவு பொங்கிக்கொண்டிருக்கும் என்பதும் மறந்துவிட்டது. மேசையின் ஓரத்தில் ஒரு கை இருந்தது. சிம்பன்சியின் கை, உள்ளங்கை மேலே பார்க்க, நகலில் ரேகை உட்பட. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. ஈஸ்வரமூர்த்தி பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். அந்தக் கையின் மேல் விரித்தார். கைக்குட்டைக்கு அடியில் தன் கையை விட்டு அதன் விரல்களைப் பிடித்தார். ஆள்காட்டி. நடுவிரல். இரண்டையும் சேர்த்து. எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கட்டைவிரல் மட்டும் குட்டை.

"என்ன பண்றீங்க அங்கிள்?"

"வெலை பேசறேன். பேசலாம் கண்ணு, இவன்கூட. கொஞ்சம் இழுப்பான். ஆனாப் பேசலாம்."

கையை விட அவருக்கு மனசு வரவில்லை. மடியில் கிடந்த கைடின் பக்கத்தை அப்போதுதான் ஸ்ருதியிடம் நீட்டினார். அவள் படித்துப் பார்த்தாள்.

"புத்தகம் பொய் சொல்லல அங்கிள். 1984ல இதுதான் எல்லாப் பாடப் புத்தகத்துலயும் இருந்துது. அந்த வருஷத்துக்கு இது சரியான விடை."

"அதாவது, நல்ல சரக்கு. நாள் போயிருச்சு."

"ஆமா. இப்ப கேட்டா சிம்பன்சி சரி. அந்த ஆன்ட்டி சரி."

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் ஒரு குறுக்குப் புத்தி அவர் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது. 'அந்த வருஷத்துக்குச் சரியான விடை' என்று அவளே சொல்லிவிட்டாள். கேள்வி 1984ஆம் வருஷத்துப் புத்தகத்திலிருந்து கேட்கப்பட்டது, ஆகவே விடையும் அந்த வருஷத்துக்குரியது என்று சொல்லிவிட்டால்? யாரும் தோற்கவில்லை. சொன்ன சொல்லும் நின்றது. டார்னெய்ட் வரும்வரை அந்தப் புத்தி இறங்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் சித்தார்த் கடைக்கு வந்தான். ஐ.டி. வேலை, முப்பத்திரண்டு வயது, ஞாயிறுதோறும் வீட்டில் புளிக்கவைத்த மாவில் ரொட்டி சுடுகிறவன். ராகி மாவு பொட்டலத்தைக் கூடையில் போட்டுக்கொண்டே ஆரம்பித்தான்.

"அங்கிள், தாட்சாயினி ஆன்ட்டி உங்களை வந்து பார்த்தாங்களாமே. டென்ஷன் ஆகாதீங்க. ரூல் நம்பர் நைன். வினா நடத்துனர் முடிவே இறுதியானது. டிக்கெட்டெல்லாம் புக் பண்ணியாச்சு."

"அந்த ரூலை எழுதுனது யாரு?"

"நீங்கதான்."

"ம். நல்லாத்தான் எழுதியிருக்கேன்." அவர் ராகி மாவின் தேதியைப் பார்த்துவிட்டுப் பில் போட்டார். "ஆனா அந்த அம்மா சொன்னது சரி, தம்பி. கிளேட்டன் வரைக்கும் போயி விசாரிச்சுட்டேன்."

சித்தார்த் பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டான். "அங்கிள், ஃபிராங்க்கா சொல்றேன். இதை நீங்க ஒத்துக்கிட்டா இதோட நிக்காது. பதினோரு வருஷத்தையும் தோண்டுவாங்க. போன வருஷம் சூரியக் குடும்பத்துல எத்தனை கிரகம்னு கேட்டீங்க. எங்க டீம்ல ஒன்பதுன்னோம். சரின்னு பாயிண்ட் கொடுத்தீங்க."

"ஒன்பதுதான?"

"எட்டு. புளூட்டோவை எப்பவோ எடுத்துட்டாங்க."

"அப்பறம் ஏன் தம்பி ஒன்பதுன்னு சொன்னீங்க?"

"உங்க அட்டைல என்ன இருக்கும்னு எங்களுக்குத் தெரியும் அங்கிள். எல்லா டீமுக்கும் தெரியும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு யாரும் சொல்றதில்ல."

அவன் போன பிறகு ஈஸ்வரமூர்த்தி கல்லாவைச் சாத்தினார். பதினோரு வருஷமாகத் தன் சொல்லுக்கு ஊரே கட்டுப்படுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். கட்டுப்பட்டது உண்மை. நாள் போன சரக்கு என்று தெரிந்தே வாங்கிப்போயிருக்கிறார்கள், கடைக்காரர் மனம் நோகக்கூடாது என்று. தெரியாமல் வாங்கிய ஒரே ஆள் தாட்சாயினி. அவருக்குத்தான் வயிற்றுவலி.

கைடையும் சிவப்பு மார்க்கரையும் எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். கிரகங்கள், ஒன்பது. பெருக்கல் குறி. தமிழ்நாட்டின் மாவட்டங்கள். பெருக்கல் குறி. சோவியத் யூனியனின் தலைநகர் எது? சோவியத் யூனியனே இல்லை; பெருக்கல் குறி. தங்கம் அவுன்ஸ் விலையைப் பார்த்து ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். நாற்பது பக்கம் தாண்டுவதற்குள் மார்க்கரின் முனை மழுங்கிவிட்டது. நிமிர்ந்தபோது கதவில் மிளகாய்த் தூள் அறிவிப்பு எதிரே இருந்தது. முப்பத்தெட்டுப் பொட்டலம் விற்றிருந்தார். முப்பத்தெட்டுக்கும் பொறுப்பு ஏற்றுக் கதவில் ஒட்டியாகிவிட்டது. அது தூள். யாரோ அரைத்தது. இது அவரே அரைத்தது.

புது மார்க்கர் ஒன்றைப் பிரித்தார்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்கால். பள்ளி விட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்களும் அப்பாக்களும் மாவு, பால், சமோசா என்று கடை வரிசைக்கு வருகிற நேரம். பண்டிகை நாளில் சலுகை விலை சொல்வதற்காக அவர் வைத்திருக்கும் சக்கர ஒலிபெருக்கியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தார். தாட்சாயினிக்கும் சித்தார்த்துக்கும் காலையிலேயே போன் செய்திருந்தார். தாட்சாயினி தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்தார்த் மடிக்கணினிப் பையோடு, இன்னும் அலுவலக முகத்தோடு நின்றான்.

கதவில் மிளகாய்த் தூளுக்குக் கீழே இன்னொரு தாள்:

*திரும்பப் பெறும் அறிவிப்பு. பொருள்: பதினேழாம் கேள்வியின் விடை. தயாரிப்பு: 1984. விற்றவர்: ஈஸ்வரமூர்த்தி. குறை: காலாவதியானது. உபயோகித்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். அந்தச் சிரிப்பைத் திருப்பித் தரவும்.*

அவர் மைக்கைத் தட்டினார்.

"எல்லாரும் ஒரு நிமிசம் நில்லுங்க. இன்னைக்கு ஆஃபர் ஒண்ணுமில்லை. ஞாயித்துக்கிழமை மேடைல தாட்சாயினி சொன்ன பதில் சரி. நான் சொன்னது தப்பு. ஹோமினிட்டுங்கறது மனுசனோட குடும்பம். அந்தக் குடும்பத்துல சிம்பன்சி இருக்குது, கொரில்லா இருக்குது, உராங்குட்டான் இருக்குது. நான் இருக்கேன், நீங்க இருக்கீங்க. நான் கையில வச்சிருந்த புத்தகம் நாப்பது வருசப் பழசு. அதோட சேர்த்து, அவங்களைப் பாத்து ஒரு வார்த்தை கேலியாச் சொன்னேன். அதையும் திருப்பி எடுத்துக்கறேன்."

கூட்டத்தில் யாரோ, "அப்போ போன வருஷ புளூட்டோ?" என்று கத்தினார்கள்.

"அதுவும் தப்பு! லிஸ்ட் பெருசா இருக்குது. ஒண்ணொண்ணா வாங்க!"

இந்தமுறை கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. நின்று வாங்கிக்கொண்டார். கைப்பேசி பைக்குள் டிங் டிங்கென்று துடித்தது. வாட்ஸ்அப் குழுவில் குரங்குப் படங்கள் மறுபடி ஆரம்பித்திருந்தன, இப்போது அவர் பெயருக்கு.

தாட்சாயினி கட்டிய கையை அவிழ்த்தார். "ஓம். இது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார்.

"எப்படிங்க காணும்? இப்பக் கணக்கு பதினாறுக்குப் பதினாறு. அஞ்சு மணிக்குப் பேர் போகணும்."

"டை பிரேக்கர்" என்றான் சித்தார்த். "சரி அங்கிள். ஃபேர்னா ஃபேர். ஒரு கேள்வி கேளுங்க."

ஈஸ்வரமூர்த்தியின் கை பழக்கத்தில் கைடைத் தேடிப் போய், பாதி வழியில் நின்றது. கேள்வியா? எந்தக் கேள்வியைக் கேட்பது? விடை இன்று இருக்கிறபடி நாளை இருக்கும் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? ஹோமினிட்டே ஆள் சேர்க்கும்போது எதை நம்புவது? கூட்டம் காத்திருந்தது. ஒரு பிள்ளை சமோசா கேட்டு அழுதது.

உள்ளே போனார். துவரம்பருப்பு மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். காகிதத்தில் கொட்டி வாசலுக்குக் கொண்டுவந்தார். பின்னாலேயே தராசைத் தூக்கிவந்து தள்ளுவண்டியின் மேல் வைத்தார்.

"எந்தப் புத்தகத்துலயும் இல்லாத கேள்வி. இந்தப் பிடி எத்தனை கிராம்? கிட்ட வர்றவங்க பரமட்டா போறாங்க. எடை இப்ப எல்லாரு கண்ணு முன்னாடி."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். தாட்சாயினி, சோதனைக் குழாயைப் பார்க்கிற கண்ணோடு, பக்கவாட்டில் இருந்து பார்த்தார். "தொண்ணூறு" என்றார். சித்தார்த் காகிதத்தை ஒரு தடவை கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டான். கூடாது என்று கூட்டமே சொன்னது. "எண்பத்தி ரெண்டு" என்றான்.

ஈஸ்வரமூர்த்தி பருப்பைத் தட்டில் கொட்டினார். எண் துள்ளியது, இறங்கியது, நின்றது.

எண்பத்தி மூன்று.

"வாரா வாரம் மாவு நிறுக்கறேன் ஆன்ட்டி" என்றான் சித்தார்த், மன்னிப்புக் கேட்பதுபோல.

தாட்சாயினி எண்ணை இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "தராசு பிழையெண்டு சொல்ல ஏலாது. போயிட்டு வாங்கோ தம்பி. அங்கை மட்டும் ஒன்பது கிரகம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ." பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் போனார். வாசலில் நின்றவருக்குக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது: கூடை அடுக்கின் முன்னால் நின்றார், மேலே இருந்த கூடை பிடிக்கவில்லை, அடுத்ததை எடுத்தார்.

சனிக்கிழமை காலை ஸ்ருதியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. கதவில் ஒட்டிய தாளின் படம் கிளேட்டன்வரை போய்விட்டதாம். அவள் ஆய்வுக்கூடத்திலும் ஒரு பிரதி ஒட்டியிருக்கிறார்களாம். கடைசியில் ஒரு வரி: *அங்கிள், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். சில பேர் இன்னும் ஹோமினிட்டைப் பழைய அர்த்தத்துலயே எழுதறாங்க. வீட்டுச் சண்டை முழுசா முடியல.*

ஈஸ்வரமூர்த்தி அதை இரண்டு தடவை படித்தார். கல்லாவின் கீழிருந்து லேபிள் அடிக்கும் துப்பாக்கியை எடுத்தார். கதவுத் தாளின் கீழே புது விடையை எழுதி, அதன் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் லேபிளை அழுத்தி ஒட்டினார். ரவை மூட்டைக்கு ஒட்டுகிற அதே லேபிள்தான். அடுத்த விநாடி வினா நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியைப் போட்டு, அதற்கு முன்னால் பேனாவால் எழுதினார்: *இதுவரை செல்லும்.*